50 லக்ஸில் அம்மம்மாவும் வாசிக்க வேண்டும்: புளியந்தீவுக் காட்சிக்கூட வேலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஓலை ஏடும் சாயம் போட்ட பழந்துணியும் கெடாமல் இருக்க வேண்டுமானால் அவற்றின் மேல் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழக்கூடாது. நூதனசாலைகள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்து வரும் அளவு அது. ஒரு மெழுகுதிரிச் சுடர் ஒரு மீற்றர் தூரத்தில் தரும் வெளிச்சம் ஏறத்தாழ 1 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் 50 எவ்வளவு மங்கல் என்று விளங்கும். ஆனால் பக்கத்தில் எழுதி வைத்திருப்பதை ஒருவர் சிரமமில்லாமல் வாசிக்க 100 முதல் 300 லக்ஸ் வரை வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிறு காட்சிக்கூடத்துக்குப் பெட்டிகளும் பலகைகளும் வடிவமைத்தபோது எங்கள் வேலை முழுவதும் இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவில்தான் நடந்தது. மரம், கண்ணாடி, பசை, எழுத்துரு என்று எதைத் தொட்டாலும் ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் அதைப் பார்க்க வந்த ஆள். சொந்த ஊரில் இப்படி ஒன்றை வைக்க நினைக்கும் பாடசாலைக்கோ கோயில் நிருவாகத்துக்கோ பயன்படட்டும் என்று விவரங்களைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

கேட்டதும் கிடைத்ததும்

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலரும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரும் சேர்ந்த குழு அது. வாவி, வயல், கூத்து, கோயில் ஆகிய நான்கையும் ஒரே மண்டபத்தில் காட்ட வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். பொருள்கள் எல்லாம் வீடுகளில் இருந்து இரவலாக வந்தவை. வாவிக்குத் தோணி, வீச்சுவலை, அத்தாங்கு, கரப்பு. வயலுக்கு மரைக்கால், தாக்கத்தி, அவுரி. வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பும் கிரீடமும். சிப்பிகளும் ஊரிகளும் நிறைந்த ஒரு பெட்டகம். கோயிலில் படிக்கும் பாட்டுகள் எழுதிய ஏட்டுக்கட்டு ஒன்று.

1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடற்கோளும், இரண்டுக்கும் நடுவில் தொடங்கி நீண்டு கிடந்த யுத்தமும் இந்தக் கரையில் எத்தனை வீடுகளின் பெட்டகங்களைக் காலியாக்கின என்பதை இங்கு உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி இருந்தும் மிஞ்சியதை ஒருவர் நம் கையில் தருகிறார் என்றால், அதன் பொறுப்பு வேறு. அதனால் வேலை தொடங்கும்போதே ஒரு முடிவு எடுத்தோம்: எங்கள் முதல் வாசகர் பொருளைத் தந்தவர். கொழும்பில் இருந்து வரும் அதிகாரியும் வெளிநாட்டுப் பயணியும் பிறகு. தந்தவர் தன் பொருளுக்கு முன்னால் நின்று, அதைப் பற்றி எழுதியிருப்பதைத் தன் கண்ணால் வாசிக்க முடியாவிட்டால் அந்தக் காட்சிக்கூடம் அவருடையது இல்லை.

மண்டபம் புளியந்தீவில் ஒரு பழைய வீட்டின் முன்பகுதி. தடித்த சுவர், ஓட்டுக் கூரை, உயர்ந்த முகடு. யன்னல்கள் எல்லாம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் பார்த்தவை. பின்னேர வெயில் நேராக உள்ளே வந்து எதிர்ச் சுவரில் அடிக்கும்.

குழுவில் சிலர் முதலில் கேட்டது ஏசி. நாங்கள் வேண்டாம் என்றதற்குக் காரணம் காசு மட்டும் இல்லை. பகலில் மட்டும் ஏசி ஓடி இரவில் நின்றால் ஈரப்பதன் தினமும் ஏறி இறங்கும். ஓலையும் மரமும் தோலும் ஒவ்வொரு நாளும் சுருங்கி விரியும். நிலையான ஈரத்தை விட அந்த ஏற்ற இறக்கம்தான் அவற்றை வெடிக்க வைக்கிறது. நாள் முழுவதும் நிறுத்தாமல் ஓட்ட முடியாத இடத்தில் ஏசி போடாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் அந்த வேலையில் பாதியை எப்போதோ செய்து வைத்திருந்தன. மீதிக்கு மெதுவாகச் சுற்றும் காற்றாடியும், மூடிய பெட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும் என்று தீர்மானித்தோம்.

எந்தப் பொருள் எங்கே

ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும், குறையாது, திரும்பாது. 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரமாக வருடத்தில் 300 நாள் ஒரு துணியை வைத்தால் அது வாங்கும் ஒளி 120,000 லக்ஸ்-மணி. அதே துணியைக் கடை விளக்கு மாதிரி 500 லக்ஸில் வைத்தால் அவ்வளவையும் 30 நாளில் வாங்கிவிடும். கூத்துடுப்பின் சிவப்பு மங்கிய பிறகு அதைத் திருப்பிக் கொண்டுவர எந்த வழியும் இல்லை. வெயிலில் வரும் புற ஊதாக் கதிர் இன்னும் கெட்டது. அதற்கு நூதனசாலைகள் வைக்கும் எல்லை ஒரு லூமனுக்கு 75 மைக்ரோவாட். நல்ல எல்.இ.டி. விளக்கில் அது பெரிய பிரச்சினை இல்லை. யன்னல் வெயிலில் உண்டு.

குழு ஏட்டை வாசலுக்கு நேரே, முதலில் வைக்க விரும்பியது. புனிதமானது, ஆகவே முன்னுக்கு. அவர்களின் எண்ணத்தில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வாசல்தான் அந்த மண்டபத்தில் வெளிச்சம் கூடிய இடம். வெளியே நேர் வெயில் 100,000 லக்ஸ் வரை போகும். அதில் இருந்து வந்தவரின் கண் 50 லக்ஸுக்குப் பழகச் சில நிமிடங்களாவது வேண்டும். வாசலில் ஏட்டை வைத்தால் ஒன்றில் ஏடு வெயிலில் நிற்கும், அல்லது வந்தவர் எதுவும் தெரியாமல் நிற்பார்.

தீர்வு அண்ணாவியாரிடம் இருந்து வந்தது. "கோயிலுக்குள்ள போனா வெளி வீதி, மண்டபம், பிறகுதானே மூலஸ்தானம்? மூலஸ்தானத்தில என்ன ரியூப் லைற்றா போட்டிருக்கு?" என்றார். அவ்வளவுதான், வழி திறந்துவிட்டது. வாசலில் தோணியும் பானையும் பித்தளையும் மரைக்காலும். ஒளியால் அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் நேராது, ஒரு யன்னலைத் திறந்து வாவியையும் காட்டலாம். அடுத்து மரமும் படங்களும், சுமார் 150 லக்ஸில். கடைசியில், யன்னல் இல்லாத உள் அறையில் கூத்துடுப்பும் ஏடும், 50க்குள். நடந்து வருகிறவரின் கண் வழியிலேயே பழகிக்கொள்கிறது. குழுவுக்கும் ஏடு பின்னுக்குப் போய்விட்டது என்ற மனக்குறை இல்லை. போய்ச் சேர வேண்டிய இடத்தில் அது இருக்கிறது.

நடக்கும் திசையிலும் ஒரு விடயம் உண்டு. ஆர்தர் மெல்ற்றன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1935இல் வெளியிட்ட ஆய்வில், மண்டபத்துக்குள் நுழைந்தவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்புவதாகப் பதிந்தார். வடிவமைப்பு வகுப்புகளில் இன்றும் அது சொல்லப்படுகிறது. நடுவில் இருப்பதை வலக்கைப் பக்கம் வைத்து வலம் வந்து பழகிய ஊர் இது. நடுவில் தோணி கிடந்தால் பலர் இடப்பக்கம்தான் எடுத்து வைப்பார்கள் என்று குழு சொன்னது. நிலத்தில் சோக்கால் கோடு கீறி, வெறும் பெட்டிகளை வைத்து, ஊர்ச் சனத்தை விட்டுப் பார்த்தோம். இரு பக்கமும் போனார்கள். ஆகவே 'முன் பலகையில் பார்த்தபடி' என்று தொடங்கும் எந்த வசனமும் இல்லாமல், ஒவ்வொரு பலகையும் தனியாக நின்றாலும் விளங்கும்படி எழுதினோம்.

எழுத்து

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவழித்ததும், அதிகம் சொல்ல இருப்பதும் இந்தப் பகுதியில்தான்.

60 வயதுக்காரர் ஒருவரின் கண்ணுக்குள் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குச் சேருவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதாவது என் கண்ணுக்கு 50 லக்ஸாக இருப்பது ஏட்டைத் தந்த அம்மம்மாவுக்கு அதைவிட மிகவும் இருட்டு. கணினித் திரையில் வைத்து எழுத்தின் அளவைத் தீர்மானிப்பதில் பயனே இல்லை. ஆகவே ஒரே வசனத்தை 18, 24, 30, 36 புள்ளி அளவுகளில் வெறும் தாளில் அச்சிட்டு, உள் அறையின் விளக்கைச் சரியான அளவுக்குக் குறைத்து, பெட்டி வரப்போகும் உயரத்தில் ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) துண்டில் குத்தி வைத்து, அவரைக் கூட்டி வந்தோம்.

18 புள்ளிக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "மனே, கறுப்பா என்னவோ கிடக்கிறது தெரியுது. எழுத்தெண்டு தெரியல்ல" என்றார். 24இல் பெரிய எழுத்துகளைக் கூட்டிப் பிடித்தார், ஆனால் புள்ளிகள் அவருக்குத் தெரியவில்லை. தமிழில் புள்ளி தெரியாவிட்டால் வாசிப்பு நின்றுவிடும். 'கல்' எது 'கல' எது என்று தடுமாறி, முழு வசனத்தையும் ஊகத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். 30இல் வாசித்தார், கொஞ்சம் மெதுவாக. அதே 30ஐ ஒரு படி தடித்த எழுத்தில் வைத்தபோது நிமிர்ந்து நின்று வாசித்தார்.

அந்தத் தாள்கள் எங்களுக்குப் பல விடயங்களைக் காட்டின. மெல்லிய கோடு உள்ள நவீன எழுத்துருக்கள் பிரசுரத்தில் அழகு; மங்கல் வெளிச்சத்தில் அவற்றின் மேல்விலங்கும் சுழியும் கரைந்துபோகின்றன. நோட்டோ சான்ஸ் தமிழில் அரைத் தடிப்பைத் தெரிந்தெடுத்தோம். புள்ளி தனியாகத் தெரிகிறது, 'ன'வும் 'ண'வும் குழம்புவதில்லை. வரி இடைவெளியை எழுத்தளவின் ஒன்றரை மடங்காக்கினோம், ஏனென்றால் தமிழில் மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் ஒன்றோடொன்று முட்டும். தூய வெள்ளைப் பலகை எதிரில் உள்ள பெட்டிக் கண்ணாடியில் பிரதிபலித்து ஏட்டையே மறைத்தது. ஆகவே பழுப்பு கலந்த வெள்ளை, மேலே பளபளப்பில்லாத படலம்.

அப்படியும் 50 லக்ஸ் எழுத்துக்குப் போதாது. கடைசியில் எழுத்தையும் பொருளையும் வெளிச்சத்தில் பிரித்தோம். பெட்டியின் கண்ணாடிக்கு வெளியே, இடுப்பை விடச் சற்று உயரத்தில் சாய்ந்த ஒரு பலகை. அதன் மேல் விளிம்பின் அடியில் மறைத்து வைத்த சிறிய எல்.இ.டி. பட்டி, எழுத்தின் மேல் மட்டும் 150 லக்ஸ் விழும்படி. லக்ஸ் மானியை ஏட்டின் மேல் வைத்துப் பார்த்தோம். கசிவையும் சேர்த்து 50க்குள் நின்றது. சாய்வுப் பலகைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையின் பெஞ்சமின் கில்மன் 1916இல், பெட்டிகளில் உள்ள சிறு எழுத்தை வாசிக்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து முறுகி நிற்கிறார் என்று படம் பிடித்து வெளியிட்டார். நூறு வருடம் கழிந்தும் அந்தப் படங்களில் உள்ள அதே நிலையை நம் நாட்டில் எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். பலகை சாய்ந்து தாழ்வாக இருந்தால் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் நிற்பவருக்கும் ஒன்றே போதும்.

என்ன எழுதினோம் என்பது அடுத்தது. முதலில் வந்த வரைவு இப்படித் தொடங்கியது: "பண்டைக் காலந்தொட்டு எம்முன்னோர்களால் பேணிப் பாதுகாக்கப்பட்டு வருகின்ற இவ்வோலைச்சுவடியானது..." இதில் பார்க்க ஒன்றும் இல்லை. பொருள் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது எழுத்து கண்ணை அதன் மேல் திருப்ப வேண்டும். பலகையில் இப்போது இருப்பது இது:

"எழுத்தாணியால் ஓலையில் கீறிய எழுத்து. கீறலில் விளக்குக் கரியை எண்ணெயோடு தேய்த்தால்தான் கறுப்பாகத் தெரியும். இடது ஓரத்தைப் பாருங்கள்: கரி போய்விட்டது, கீறல் மட்டும் இருக்கிறது."

வந்தவர்கள் எல்லாரும் இடது ஓரத்தைப் பார்க்கிறார்கள். தலை சரிகிறது, கண் ஏட்டுக்குப் போகிறது, திரும்பி வந்து மிச்சத்தை வாசிக்கிறார்கள். எழுத்து இதைச் செய்தால் அதன் வேலை முடிந்தது.

ஒரு பொருளுக்குத் தமிழில் 40 சொல்லுக்கு மேல் இல்லை என்று எல்லை வைத்தோம், ஏனென்றால் மூன்று மொழிகள். அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. மூன்றும் வேண்டும் என்பதில் குழுவில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூன்று நீளக் கட்டுரைகளை ஒரு பலகையில் திணித்தால் ஒருவரும் எதையும் வாசிக்க மாட்டார்கள். ஒரே புள்ளி அளவில் மூன்று எழுத்தும் ஒரே பருமனாகத் தோன்றுவதும் இல்லை. எண்ணை நம்பாமல், தள்ளி நின்று கண்ணால் பார்த்து மூன்றையும் சமப்படுத்தினோம். தமிழுக்கு வரி நீளம் கூடுதலாக வேண்டும். ஒடுக்கமான பத்தியில் நீண்ட சொற்கள் வந்து விழுந்தால் வலது பக்கம் பல் விழுந்ததாகிவிடும். ஆகவே தமிழ் மேலே முழு அகலத்தில், மற்ற இரண்டும் கீழே பக்கம் பக்கமாக.

அச்சில் வந்த சிக்கலை இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் அறிவார்கள். அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பாமினி என்ற பழைய குறியீட்டு எழுத்துருதான் ஓடுகிறது. நாங்கள் கொடுத்தது இன்றைய பொதுக் குறியீடான யுனிகோட். முதல் மாதிரித் தாளில் 'கொக்கட்டிச்சோலை' என்ற ஊர்ப்பெயர் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு வந்தது. வடிவமைப்பு மென்பொருளில் தென்னாசிய எழுத்துகளைக் கோக்கும் முறையைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பெழுத்துகள் எல்லாம் இப்படித்தான் உடையும். எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிய பீ.டி.எஃப். கோப்பைக் கொடுப்பது ஒரு காப்பு. அதற்கு முன் உண்மையான அளவில் தாளில் எடுத்து, எழுதியவர் அல்லாத ஒருவர் எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். எங்களுக்கு அதைச் செய்தவர் ஒரு தமிழ் ரீச்சர். ஒற்றுப்பிழை ஒன்றையும் விடவில்லை.

பெட்டிக்குள் அடைபடும் காற்று

காத்தான்குடியில் இருந்து வந்த ஓடாவியார் (தச்சர்), எங்களுக்கு நானா, கைதேர்ந்தவர். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் பெட்டி செய்து பெயின்ற் அடித்தால் செலவு குறையும், வடிவாகவும் இருக்கும் என்றார். கடைக்கும் வீட்டுக்கும் அவர் சொன்னது சரி. மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் நிலைமை வேறு. அந்தப் பலகை போமல்டிகைட் என்ற வாயுவையும் அமிலங்களையும் மெல்ல மெல்ல வெளிவிடும். ஒட்டுப்பலகையும் அப்படித்தான். இயற்கை மரமும் ஓரளவு வெளிவிடும், மரத்துக்கு மரம் வேறுபடும். திறந்த அறையில் அது காற்றோடு போய்விடும். பெட்டிக்குள் போக இடமில்லை.

இதில் முதலில் பலியாவது சிப்பியும் ஊரியும். அவை சுண்ணாம்புப் பொருள். அசற்றிக் அமிலம் பட்டால் மேலே வெள்ளைத் தூள் பூத்து, மினுக்கம் போய், கடைசியில் உதிரும். லொஃப்டஸ் பைன் என்ற சிப்பி சேகரிப்பாளர் 1899இல் இதை எழுதியதால் அவர் பெயராலேயே 'பைன் நோய்' என்கிறார்கள். நோய் என்று சொன்னாலும் கிருமி இல்லை. லாச்சியின் மரமே காரணம். பூத்த பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

பொருளைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பிரித்தானிய நூதனசாலையின் அன்ட்ரூ ஒடி 1973இல் முன்வைத்தது. வெள்ளி, செம்பு, ஈயம் ஆகிய மூன்றின் துண்டுகளைச் சோதிக்க வேண்டிய பொருளோடு, ஈரக் காற்றில், 60 பாகை செல்சியசில் 28 நாள் மூடி வைத்துப் பார்ப்பது. ஆய்வுகூட அடுப்பு எங்களிடம் இல்லை. ஆனால் ஈயம் இந்த ஊரில் எல்லா வலைக்காரர் வீட்டிலும் உண்டு. வீச்சுவலையின் ஈயக் குண்டுகளை அரத்தால் மினுக்கி, ஜாம் போத்தல்களுக்குள் ஈரப் பஞ்சோடு ஒவ்வொன்றாக வைத்தோம். ஒன்றில் எம்.டி.எஃப். துண்டு, ஒன்றில் பெயின்ற், ஒன்றில் கண்ணாடி ஒட்டும் சிலிக்கன், ஒன்றில் எதுவும் இல்லை. தகரக் கூரையின் கீழ் சூட்டில் வைத்தோம். (ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும், பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடாது.) வெறும் போத்தலில் இருந்த ஈயம் கொஞ்சம் மங்கியது. எம்.டி.எஃப். போத்தலில் வெள்ளை பூத்தது. சிலிக்கன் போத்தலில் ஈயம் சுண்ணாம்பு பூசியதாக வெளுத்திருந்தது. மூடியைத் திறந்ததும் வினாகிரி மணம் மூக்கில் அடித்தது.

இதை ஓர் அறிவுரையாகவே எழுதி வைக்கிறேன். அலுமினியக் கண்ணாடிக் கடைகளில் சாதாரணமாகக் கொடுக்கும் சிலிக்கன் காயும்போது வெளிவிடுவது அசற்றிக் அமிலம். அந்த வினாகிரி மணம் அதுதான். சிப்பிப் பெட்டியை அதனால் ஒட்டுவது சிப்பியை வினாகிரியில் வைப்பதற்குச் சமம். 'நியூட்ரல்' என்று போட்ட சிலிக்கன் கிடைக்கிறது, விலை கொஞ்சம்தான் கூட. அதைக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் பெட்டிகள் தூள் பெயின்ற் சுட்ட அலுமினியச் சட்டமும் கண்ணாடியும். அடித்தட்டு மட்டும் மரம், அதன் மேல் முழுவதும் அலுமினியப் படலம், அதற்கு மேல் கழுவிக் காயவைத்த சாயமில்லாப் பருத்தித் துணி. பூச்சு எல்லாம் முடிந்து ஒரு மாதம் பெட்டிகள் திறந்து கிடந்த பிறகே பொருள்களை வைத்தோம்.

நானா போத்தல்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "தம்பி, நான் வீட்டு ஷோகேஸ் எத்தினைக்கு இதால ஒட்டியிருப்பன்!" என்றார். வீட்டு ஷோகேசில் பீங்கான் கோப்பை இருந்தால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அவர் பிறகு செய்த சட்டங்களில் ஓர் இடத்திலும் பசை உள் பக்கம் பிதுங்கவில்லை.

வீச்சுவலையைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அதன் ஈயத்துக்கும் இதே ஆபத்து என்பதால், அகல விரித்துக் கூரையில் இருந்து தொங்கவிட்டோம். அது விழும் வடிவம் அப்போதுதான் தெரிகிறது.

வரைபடம்

வாவி ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோடு கரையாகக் கிடக்கிறது. வடக்கை மேலே வைத்து வரைந்தால் உயர்ந்த, ஒடுங்கிய படம் வரும். மேல் நுனி ஒருவருக்கும் எட்டாது, கீழ் நுனிக்குக் குந்த வேண்டும். ஆனால் வாவிக்கரைச் சனம் திசை சொல்வது வேறு விதம். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. ஆகவே படத்தைத் திருப்பி, கிழக்கை மேலே வைத்து, மண்டபத்தின் கிழக்குச் சுவரில் மாட்டினோம். கடல் மேலே, எழுவான்கரை அதற்குக் கீழே, நடுவில் வாவி, படுவான்கரை அடியில். ஏறாவூர் இடக்கைப் பக்கம், கல்முனை வலக்கைப் பக்கம். படத்துக்கு முன்னால் நிற்பவர் உண்மையிலேயே கடலைப் பார்த்து நிற்கிறார், அவர் முதுகுக்குப் பின்னால் உண்மையான படுவான்கரை. பாடசாலையில் வடக்கு மேலே என்று படித்த பிள்ளைகளுக்காக ஒரு திசைகாட்டியைத் தெளிவாகப் போட்டிருக்கிறோம்.

பெரியவர்கள் ஒரு விளக்கமும் கேட்காமல் விரலை வைத்துத் தங்கள் ஊரைக் காட்டினார்கள். குறுமண்வெளி, மண்டூர், கொக்கட்டிச்சோலை, வவுணதீவு என்று ஓடம் போன வழிகளைச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன ஓடத்துறைகளைக் குறித்துக்கொண்டு இறுதிப் படத்தில் சேர்த்தோம். விரல் படும் என்று தெரிந்ததால் கழுவக்கூடிய படலத்தில் அச்சிட்டோம்.

மீன் பாட்டு

மட்டக்களப்பில் நூதனசாலை என்றால் பாடும் மீன், அதாவது இரவில் வாவித் தண்ணீருக்குள் இருந்து எழும் இசை போன்ற ஒலி, இல்லாமல் முடியாது. அப்போது இலங்கையில் ஆங்கிலேய அரச அதிகாரியாக இருந்த எமர்சன் ரெனன்ற் 1848இல் வாவியில் இரவில் தோணியில் போய் அந்த ஒலியைக் கேட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்தோடு ஒப்பிட்டு எழுதினார். மீனா, ஊரியா, வேறு எதுவுமா என்று பேச்சு இன்றும் நடக்கிறது.

கணினியில் ஓர் இனிய ஒலியை உருவாக்கி ஒலிபெருக்கியில் போடலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அதில் சம்மதமே இல்லை, குழுவுக்கும் இல்லை. இந்த ஊர்ப் பிள்ளை ஒன்று முதல் தடவையாக அந்தப் பாட்டைக் கேட்பது ஒரு பொய்யான ஒலியில் இருக்கக்கூடாது. வாவி தெரியும் யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு துடுப்பைக் கையில் எடுக்கும்படி வைத்தோம். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம் என்றும், பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடிப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள் என்றும் எழுதியிருக்கிறோம். பிள்ளைகள் துடுப்பைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்க்கிறார்கள். அறைக்குள் ஒன்றும் கேட்காது. வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் கேட்பார்கள்.

திறந்த பிறகு

உள் அறையில் கூத்துடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கம்பளி அட்டை இருக்கிறது. வெவ்வேறு வேகத்தில் மங்கும் 8 சாயப் பட்டிகள் கொண்டது. ஒளி எவ்வளவு தின்றிருக்கிறது என்று காட்டும். பாதியை மூடி வைத்திருப்பதால் ஒப்பிடலாம். ஏட்டில் நாலு மாதத்துக்கு ஒரு தடவை வேறு ஓலை மேலே வரும். அதன் பெட்டிக்கு மேல் ஒரு கறுத்தத் துணி போட்டிருக்கிறது. பார்க்க விரும்புகிறவர் விலக்கிப் பார்த்துத் திரும்ப மூட வேண்டும். செலவில்லாத இந்தத் துணி எந்த உணரிக் கருவியையும் விட நன்றாக வேலை செய்கிறது. அதோடு, கையால் விலக்கியவர் அவசரப்படாமல் பார்க்கிறார்.

மாரிதான் கடினம். வடகீழ்ப் பருவத்தில் நவம்பரில் இருந்து ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டிப் பூஞ்சணம் பிடிக்கும் நிலைக்குப் போகும். சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் எடுத்து அடுப்பில் காயவைத்துத் திருப்பி வைக்க ஆள் வேண்டும். அந்த வேலையைக் குழுவில் இரண்டு பேர் பொறுப்பெடுத்து, பெட்டி பெட்டியாக ஒரு கொப்பியில் எழுதி வருகிறார்கள். புதிதாக ஒரு காட்சிக்கூடம் தொடங்குகிறவர்கள் எங்களிடம் வந்தால் நான் முதலில் காட்டுவது அந்தக் கொப்பியைத்தான். திறப்பு விழாவுக்குக் காசு சேர்ப்பது எளிது. ஜெல் காயவைக்க ஆள் பிடிப்பதற்கு முன்னால் விழாவுக்கு நாள் குறிக்கக்கூடாது.

எழுத்தே வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கு இன்னும் வழி செய்யவில்லை. உயர்தர வகுப்பு மாணவர்கள் சனி, ஞாயிறுகளில் நின்று வாசித்துச் சொல்கிறார்கள். மற்ற நாட்களில் ஒருவரும் இல்லை. பலகைகளை ஊரவர் குரலிலேயே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். ஏட்டுக்குரியதை அந்த அம்மம்மாவே வாசித்திருக்கிறார். வயலுக்குரியதை வாசிக்கப் படுவான்கரையில் ஒரு போடியாரை (வயல் சொந்தக்காரர்) கேட்டிருக்கிறோம். அறுவடை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.